ஹாலில் நான்கு பேர்

அன்று ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி அடைக்கலமேரி, மகன் அலெக்ஸாண்டர், காலிங் பெல் அடித்துவிட்டு உள்ளே வந்த வக்கீல் அஜீசுன்னிசா. ஐந்தாவதாக யாரையாவது சேர்க்க வேண்டுமென்றால், சுவரில் மாலை போட்ட என் மகள் ஃப்ளோரன்ஸின் படத்தைச் சேர்க்கலாம்.

பெல் சத்தம் கேட்டதுமே, சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். முதுகுதான் தெரிந்தது.

"வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா ஜார்ஜ் சார்?"

"ஆமா" என்றேன். அடைக்கலமேரி டீ எடுத்துவர எழுந்து போனாள்.

ஃப்ளோரன்ஸ் வீட்டு வேலைக்காக வெளிநாடு போனவள். நான்கு வருடம் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில். அந்த முதலாளி மேல் இப்போது அங்கே கோர்ட்டில் வழக்கு. சர்வதேசச் சட்டப்படி அடிமைப்படுத்திய குற்றம் என்றார் வக்கீல்.

"கூட அடைபட்டிருந்த பொண்ணு சாட்சி சொல்லிட்டா சார். ஃப்ளோரன்ஸும் சொன்னாதான் கேஸ் நிக்கும். இல்லன்னா அடுத்த மாசம் அந்தாளு வெளிய வந்துடுவான். போன வருஷம் அங்கேர்ந்து தப்பிச்ச ஃப்ளோரன்ஸ் இப்ப எங்கன்னே தெரியல. இங்கிருந்தே வீடியோல பேசினா போதும். நாங்க கூடவே இருப்போம்."

"செத்தவ எப்டிம்மா பேசுவா? அங்கயே ஜுரத்துல போய்ட்டா. கோயில்ல பூசையும் வெச்சாச்சு."

"அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அலெக்ஸாண்டர் பேனாவை நீட்டினான். "போட்டுக் குடு நைனா. பேஜாரு ஒழியட்டும்."

வரும் ஞாயிறு மாதா கோயிலில் அவன் கல்யாண அறிவிப்பை, மூன்றாவது ஓலையை, வாசிப்பார்கள். அவன் அக்காள் எப்படியெல்லாம் கிடந்தாள் என்று கோர்ட்டில் பேசினால், அது பெண் வீட்டார் காதுக்குப் போகும். நாற்பது வருடம் ஹார்பரில் யாரிடமும் ஒரு சொல் வாங்காதவன் நான். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வக்கீல் அதை வாங்கவில்லை. "அந்தப் பொண்ணு சொன்னதையும் கேட்டுக்குங்க சார். அந்த வீட்ல நின்னுகிட்டேதான் சாப்பிடணுமாம். பெல் அடிச்சா, வர்றவங்க மூஞ்சியப் பாக்காம செவுத்தப் பாத்துத் திரும்பிக்கணுமாம். இல்லன்னா பெல்ட்டு."

வாசலில் பெல் அடித்தது. கேஸ் சிலிண்டர்காரன்.

சமையலறையில் ஏதோ நழுவி விழுந்தது. வக்கீல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் எழுந்தார்.

அலெக்ஸாண்டர் குறுக்கே நின்றான். "அங்க இன்னா மேடம் கீது? வேலைக்காரி."

அவன் தோளுக்கு மேலாக வக்கீல் கேட்டார். "உங்க பேரு என்னம்மா?"

சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"ஃப்ளோரன்ஸ் சாவல மேடம். நாந்தான்."