சுண்ணாம்பு வாளி

ஆற்றுப் பாலத்தின் தூணில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. பதினேழு பேரைக் கொண்டுபோன கார்த்திகை வெள்ளம் அதுவரை ஏறியிருந்தது. தை பிறந்ததும் தூணுக்குப் பக்கத்திலேயே ஒரு மனைக்கல்லை நட்டார்கள்.

"இங்கேயா வீடு கட்டப் போறாங்க?" என்றது கோடு.

"ஆமாண்ணே, நாளைக்குப் பூமி பூஜை. உங்களைப் பார்த்தா மனை வாங்க வர்றவங்க பயப்படுறாங்களாம்," என்றது கல்.

சொல்லி வாய் மூடவில்லை, ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறினார்.

கோட்டுக்கு அலுத்துப்போனது. "ஒவ்வொரு வெள்ளத்துக்கும் என்னை இன்னும் மேலே போடுறாங்க, அப்புறம் வந்து அழிக்கிறாங்க. முதல் தடவை தரையில நின்னே அழிச்சாங்க. அடுத்த தடவை டீக்கடை ஸ்டூல். இப்போ ஏணி. இதைவிடப் பெரிய ஏணியா ஒண்ணு வாங்கி வெச்சுக்கச் சொல்லு."