கோணல் வரிசை

“இப்பவே சொல்லிப்புட்டேனுங்க. அந்தப் புள்ளைய நம்பி போர்டு அடிச்சா நம்ம கடைப் பேரு கெட்டுப் போயிருமுங்க.”

மோகனப்பிரியா சாப்பிடப் போன நேரம் பார்த்து, உஷாராணி முதலாளியிடம் போட்டுக்கொடுத்தே விட்டாள்.

நாமக்கல்லில் சின்னுசாமியின் ஃபிளெக்ஸ் கடையில் எட்டு வருசமாகப் போர்டு ஓரத்தில் கயிறு கட்டும் வளையம் அடிக்கிறவள் அவள். தரையில் குந்திக் குந்தியே முட்டி தேய்ந்துவிட்டது. டிசைன் போடும் மோகனப்பிரியா அடுத்த மாசம் கல்யாணமாகி ஓமலூர் போகிறாள். காலியாகும் கம்ப்யூட்டர் சீட்டின் மேல் உஷாராணிக்கு ஒரு கண். ரெண்டு மாசம் முன்னால் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். “வளையம் அடிக்கிறதும் டிசைன் போடறதும் ஒண்ணாம்மா?” என்று முதலாளி சிரித்துவிட்டார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“அப்படி என்னம்மா தப்பு பண்ணுது?” சின்னுசாமி கேட்டார்.

“ஒண்ணா ரெண்டா? ஒரு மாசமா சாப்பிடப் போறப்பெல்லாம், ‘ஒரு பார்வை பாத்துக்கங்க்கா’ன்னு அரைகுறையாப் போட்டுட்டுப் போகுது. நான்தானுங்க உக்காந்து சரி பண்ணி வெக்கறேன்.”

“அப்படியா? எங்க, இதைப் பண்ணு பாக்கலாம்.”

திரையில் ஜேடர்பாளையத்துக் காதுகுத்து போர்டு. சொந்தக்காரர் படங்கள் பன்னிரண்டு, வட்டம் வட்டமாக. ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுநடுவே பல்லு விழுந்த வாய் மாதிரி சந்து வேறு.

உஷாராணி உட்கார்ந்தாள். இதில் கோட்டைவிட்டால் கடைசி வரைக்கும் தரைதான் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லா வட்டத்தையும் சேர்த்துப் பிடித்து நடுக்கோட்டுக்கு வரிசை கட்டினாள். இடைவெளியைச் சமமாகப் பிரித்தாள். தாய்மாமன் படத்தை மட்டும் இழுத்துப் பெரிசாக்கினாள்.

“அது எதுக்கு?”

“மாமன் மடியில வெச்சுத்தானுங்க காது குத்தறது. பெரியப்பன் சித்தப்பனோட சமமாப் போட்டா, மனுசன் பந்திக்கே உக்கார மாட்டாருங்க.”

அப்புறம் வட்டங்களின் தங்க விளிம்பைப் பார்த்தாள். ஒன்றுக்கு நிழல் இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம்.

“ஒரு போர்டுக்கு ரெண்டு சூரியனா?” என்று முணுமுணுத்தபடி வெளிச்சத்தை இடப்பக்கம் மேலேயும், நிழலை வலப்பக்கம் கீழேயும் இழைத்துவிட்டாள். விளிம்பெல்லாம் எடுப்பாக எழும்பி நின்றது.

சின்னுசாமி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“எந்த பட்டன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“அந்தப் புள்ளைக்கு வாய் சும்மா இருக்காதுங்க. இதை அமுக்கறேன், அதை இழுக்கறேன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டேதான் வேலை பாக்கும். காது இருந்தாப் போதுமுங்க.”

“சரிம்மா. அடுத்த மாசத்துலிருந்து இந்தச் சீட்டு உனக்குத்தான்.”

உஷாராணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்படியும் வாய் சும்மா இருந்ததா? இல்லை.

“இனி கோணல் மாணலே இருக்காதுங்க. அந்தப் புள்ளைக்குத்தான் கடைசி வரைக்கும் வேலை படியவே இல்ல.”

சின்னுசாமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“மூணு வருசத்துல அந்தப் புள்ளை போட்ட ஒரு போர்டுகூடக் கோணலாப் போனதில்லம்மா. ‘சின்னவ நான் சொல்லிக் கொடுத்தா அக்கா கூச்சப்படுவாங்க. வேணும்னே கோணலா வெச்சுட்டுப் போறேன், திருத்தித் திருத்தி அவங்களே கத்துக்குவாங்க. எம்பட சீட்டை வேற ஆருக்கும் குடுத்துறாதீங்க’ன்னு போன மாசமே எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் ஆரம்பிச்சுது.”