மாலைக்குப் பின்னால் ஒரு கை

சங்கரலிங்கம் தங்கை கஸ்தூரியின் கழுத்தோரம் கத்தரிக்கோலை வைத்தபோது, அவருடைய மனைவி சரஸ்வதி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "நேரா வெட்டுங்க. மாமா தோளு போயிரப் போகுது" என்றாள்.

கஸ்தூரி இருந்தது போட்டோவில்.

அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். பாளையம்பட்டி ரோட்டிலிருந்த அப்பாவின் வத்தல் கடையைத் தன் பெயருக்கு மாற்ற, 'நானே ஒரே வாரிசு' என்று சங்கரலிங்கம் மனுக் கொடுத்திருந்தார். விசாரிக்க தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. பொன்னுச்சாமி இன்று வீட்டுக்கே வருகிறார். வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள், கூடத்துச் சுவரில் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கலாமா?

படம் 1982-ல் எடுத்தது. சங்கரலிங்கம் தங்கநிறப் பட்டை போட்ட வாட்ச் வாங்கிய வாரம். வாட்ச் நன்றாகத் தெரிய வேண்டுமென்று, உட்கார்ந்திருந்த அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "குடும்பப் படம்னா காலத்துக்கும் நிக்கணும்" என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி, இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று கஸ்தூரியின் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது.

இப்போது கஸ்தூரியும் போனாள். அப்பாவின் தோளில் கிடந்த அவள் கை மட்டும் வளையலோடு மிஞ்சியது. அதை வெட்டினால் அப்பாவும் போவார். படத்தைத் திரும்பவும் சட்டத்தில் மாட்டியதும், சரஸ்வதி சந்தன மாலையை இழுத்துக் கையை மறைத்தாள்.

ஆர்.ஐ. வந்தார். காபி குடித்தார். சங்கரலிங்கம் அதே வாட்ச் கட்டிய கையாலேயே படத்தைக் காட்டினார்.

"இம்புட்டுத்தான் சார் குடும்பம். கூடப் பொறந்தவுக யாருமில்ல."

ஆர்.ஐ. படத்தை வெகுநேரம் பார்த்தார். மாலையைத் தொடவில்லை. பைக்குள்ளிருந்து வேறொரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நேத்து ஒரு அம்மா இதே கடைக்கு மனுக் குடுத்துச்சு. அதுவும் ஒத்தப் புள்ளையாம்."

அதே அப்பா, அதே அம்மா. அப்பாவுக்குப் பக்கத்தில் கஸ்தூரி சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் படம் நேராக வெட்டப்பட்டிருந்தது. அம்மாவின் தோளில், ஆளில்லாமல் ஒரு கை.

ஆர்.ஐ. சங்கரலிங்கத்தின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"வாச்சு இன்னும் ஓடுதா அண்ணாச்சி?"