விட்டுக்கொடுக்காத ஆட்டம்

"மாமா, உங்களுக்கு ஈவு இரக்கமே கெடையாதா?"

கூனிமேட்டு வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அசோகனை ஷஃபி வழிமறித்தான். துபாயிலிருந்து லீவில் வந்தவன். ஒரு வாரமாக அடக்கி வைத்த ஆத்திரம்.

அவன் அத்தா முனீருக்குப் பார்க்கின்சன். சென்னையில் மூளைக்குள் புது நரம்பு செல்களை வைத்து ஆறு மாதம் ஆகிறது. பரிசோதனை சிகிச்சைதான், பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம், அதுவரை மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கை இன்னும் நடுங்குகிறது. அந்த மனுஷனை தினம் சாயங்காலம் கேரம் ஆட உட்கார்த்தி, ஒரு போர்டுகூட விடாமல் தோற்கடித்துவிட்டுப் போகிறார் அசோகன்.

ஒரு காலத்தில் மரக்காணம் உப்பளத்தையே கலக்கிய கை அது. முனீர் உப்பு வியாபாரி, அசோகன் லாரி டிரைவர். லோடு ஏறி முடிகிறவரை உப்பு மூட்டை மேல் போர்டை வைத்து ஆடுவார்கள். முனீர் ஸ்டிரைக்கரைச் சுண்டினால், கூடை தூக்குகிறவர்கள்கூட இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் ஷஃபியும் அங்கேதான் நிற்பான். என்ன சந்தோஷமான நாட்கள்!

"நானும்தான் ஆடினேன். வந்த மொத வாரம் பூரா விட்டுக் குடுத்தேன். எவ்ளோ குஷியா இருந்தாரு தெரியுமா?"

"தெரியும்பா. அதனாலதான் மாத்திரைய நிறுத்தினாரு."

"என்னது?"

"பையனையே ஜெயிச்சிட்டோம், செல்லு வேலை செய்யுது, இனிமே மாத்திரை எதுக்குன்னு நிறுத்திட்டாரு. போன வாரம் பாத்ரூம்ல விழுந்தாரே, வழுக்கி விழுந்தாருன்னா நெனச்ச?"

வழிமறித்த கையை ஷஃபி இறக்கினான்.

"நீ விட்டுக் குடுத்தது விழுந்தப்புறம்தான் அவருக்குப் புரிஞ்சுது. நீ நொந்து போயிடுவேன்னு உங்கிட்ட சொல்லல. என்னைக் கூப்பிட்டு, 'அசோகா, நீயாவது நெஜமா ஆடுடா, என் கை எப்படியிருக்குன்னு எனக்குத் தெரியணும்'னாரு. அவரைத் தோக்கடிக்க எனக்கு மட்டும் ஆசையாப்பா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அசோகன் வண்டியைக் கிளப்பினார்.

"ஷஃபி, ஒரு போர்டு போடலாமா?" உள்ளேயிருந்து முனீர் கூப்பிட்டார்.

ஷஃபி போய் உட்கார்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். சிவப்புக் காயினைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டான்.

முனீர் தோற்றார். ஆனால் உப்பளத்து நாட்களுக்குப் பிறகு அவர் முகம் இப்படி மலர்ந்து ஷஃபி பார்த்ததில்லை.

"நேத்து வரைக்கும் அசோகன்கிட்ட ஒரு போர்டுல ரெண்டு காயினுக்கு மேல போட முடியலடா. இன்னிக்கு மூணு! நீ விட்டுக் குடுக்காத மூணு!"