சிவப்பு மாமியார்

"சிவப்பு மாமியார், நீங்க இந்தப் பக்கம் வாங்க. பச்சைப் பெரியப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பிரவுன் மச்சான், உங்களை யாரு இப்ப கூப்பிட்டது?"

"அம்மா தாயே, இன்னிக்காவது அந்த ரேடியோவை அணைச்சு வைங்க!" மாஸ்டர் கத்தினார். "இவருக்குப் பரீட்சை நடக்குது. இன்னொரு வார்த்தை பேசினா, காலையில உங்களுக்குப் போட்ட பாஸை ரத்து பண்ணிடுவேன்."

"வாய் சும்மா இருக்க மாட்டேங்குது மாஸ்டர்" என்று அவள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். ஆனாலும் காரின் முன்பக்க வயர்கள் மேல் குனிந்து, "அந்தக் கறுப்புச் சித்தப்பா..." என்று மறுபடி முணுமுணுத்தாள்.

"வெளியே போங்க!"

வெந்நீர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு அவள் வெளியேறினாள். வாசலில் ஒருமுறை திரும்பி, பரீட்சைக்கு நின்றவரைப் பார்த்தாள்.

பட்டறையே அமைதியாகிவிட்டது.

வண்டிகளின் மின்வேலை கற்றுத் தரும் அந்தப் பட்டறையில் அவரும் அவளும் ஒரே மேஜை. முதல் நாள் அவள் கேட்ட வயரை விட்டு வேறொன்றை எடுத்து நீட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தானே வேறு வயரை எடுத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டு வயர்களுக்கெல்லாம் உறவுமுறை வைத்துப் பேச ஆரம்பித்தாள். ஆறு மாதமாக அந்தப் பேச்சு நிற்கவே இல்லை. எல்லோரும் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள்.

அவருக்கு ஐம்பது வயது. வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். இதற்கு முன் இரண்டு இடங்களில் இதே தொழிலைக் கற்கப் போய், இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர். இன்று தேறினால் பேருந்துப் பணிமனையில் வேலை. தேறாவிட்டால் வீட்டில் மூன்றாவது முறையாகத் தோல்வியைச் சொல்ல வேண்டும்.

"ரெண்டு வயர் அறுந்து தொங்குது பாருங்க" என்றார் மாஸ்டர். "ஒண்ணுல கரண்ட் வருது, அதை லைட்டுக்குக் குடுக்கணும். இன்னொண்ணு எர்த், அதை வண்டி பாடியில வச்சு முறுக்கணும். இருபது நிமிஷம்."

மதியம் இந்த வண்டியில் அவருக்கு முன்னால் வந்த நாலு பேரும் இரண்டே நிமிடத்தில் முடித்தார்கள். சுவிட்சைப் போட்டதும் நாலு முறையும் 'டப்'பென்று ஃப்யூஸ் போனது.

அவர் கண்ணை மூடி, 'ஆண்டவா, துணையா இரு' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பையில் போட்டார். இரண்டு வயரையும் எங்கும் படாமல் விலக்கி வைத்து, சுவிட்சைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் பிடித்து, மறு முனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டார். ஒன்றில் பன்னிரண்டு வோல்ட். மற்றதில் ஒன்றுமில்லை. நம்பாமல் மறுபடி பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார்.

"ஏங்க, அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடும்" என்றார் மாஸ்டர்.

அவர் கரண்ட் வந்த வயரில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி அடையாளம் வைத்தார். சுவிட்சை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே வயரில் கை வைத்தார். இணைத்து, டேப் சுற்றி, எர்த்தைப் பாடியில் முறுக்கி, கடைசியாக நெகட்டிவை மாட்டினார்.

சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது.

மாஸ்டர் எழுந்தே வந்துவிட்டார். "இந்த வண்டியில முன்னாடி எவனோ கையில கிடைச்ச வயரைப் போட்டு வச்சிருக்கான். கரண்ட்டுக்குக் கறுப்பு, எர்த்துக்குச் சிவப்பு. கறுப்புன்னா எர்த்துதான்னு நாலு பேரும் ஏமாந்தாங்க. நீங்க மட்டும் எப்படிங்க கலரை நம்பல?"

அவர் தலை குனிந்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்குக் கலர் சரியா தெரியாது மாஸ்டர். பிறவியிலேயே அப்படி. சிவப்பும் கறுப்பும் ஒண்ணு போலத்தான் இருக்கும், பச்சையும் பிரவுனும் அப்படித்தான். அந்தம்மா தன் பாட்டுக்குப் பேசுவாங்க, அதைக் கேட்டே ஆறு மாசத்தை ஓட்டிட்டேன். பரீட்சையில பேச விடமாட்டீங்கன்னு தெரியும். அதான் ரெண்டு மாசமா வீட்டுல மீட்டரும் கையுமா பழகினேன்."

மாஸ்டர் அவருடைய பரீட்சைத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "பணிமனையில இதை மறைக்காம சொல்லிடுங்க. நானும் எழுதித் தரேன். எல்லாரும் உங்களை மாதிரி அளந்து பார்த்தா, பாதி வண்டி தீப்பிடிக்காது."

தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். ரேடியோ குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் அவளை அழைத்துப் போக மகள் ஸ்கூட்டரோடு காத்திருந்தாள்.

"பாஸாயிட்டேம்மா!" என்று அந்தப் பெண்ணிடமே முதலில் சொன்னார். "உங்க அம்மாவோட வளவளப் பேச்சுதான் என்னைக் காப்பாத்துச்சு. எனக்கு அது உதவியா இருந்தது அவங்களுக்கே தெரியாது. கடவுள் என் பக்கத்துல ஒரு ரேடியோவைக் கொண்டாந்து வச்சிருந்தார்."

அந்தப் பெண் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"எங்க அம்மாவா? வீட்டுல நாங்க பத்து வார்த்தை பேசினா அவங்க ஒரு வார்த்தை பேசறதே அபூர்வம் சார். ஆறு மாசமா சாயங்காலமானா தொண்டை கட்டிக்கிட்டு வர்றாங்க, அங்க அப்படி என்னதாம்மா பண்றேன்னு கேட்டா, அதுக்கும் பதில் கிடையாது!"