பேர் சொல்லாத மருந்து

ஒரு மருந்து டப்பாவுக்குள்ளே வசம்பும் ஜாதிக்காயும் குடியிருந்தன. கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் வசம்பின் பேரைச் சொன்னால் மருந்து பலிக்காது என்பார்கள். அதனால் அந்த வீட்டில் வசம்புக்குப் பேரே கிடையாது, வெறும் ‘அது’தான்.

அன்றைக்குப் பிள்ளை வயிறு உப்பி வீறிட்டது. பிள்ளைக்காரி வசம்பை விளக்கில் சுட்டு, கல்லில் உரசி, தொப்புளைச் சுற்றித் தடவினாள். கொஞ்ச நேரத்தில் டர்ரென்று காற்றுப் பிரிந்தது. பிள்ளை சிரித்தது.

“என்னடி தடவினே?” என்று கேட்டாள், பட்டணத்திலிருந்து புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி.

“அதுதான்க்கா...”

அவள் டப்பாவை எட்டிப் பார்த்தாள். “ஓ, ஜாதிக்காயா!”

திருத்தப் போனால் அதன் பேர் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து பிள்ளைக்காரி ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

வசம்புக்கு மறுபடி தீயில் காட்டின மாதிரி இருந்தது. “சுட்டது என்னை, தேய்ச்சது என்னை. மூலையில படுத்துத் தூங்கினவனுக்குப் பேரா?”

“நான் கேட்டேனாண்ணே?” என்று நெளிந்தது ஜாதிக்காய்.

“இனிமே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவேன்!” வசம்பு டப்பாவின் அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் பிள்ளை மறுபடி அழுதது. விரல்கள் டப்பாவைத் துழாவின.

“ஐயோ, அதைக் காணோமே!” என்று பதறினாள் பிள்ளைக்காரி.

வசம்பு அசையவில்லை. பிள்ளையின் அழுகை விக்கலாக மாறியது.

“சை!” என்று வசம்பு ஜாதிக்காயை இடித்துத் தள்ளிக்கொண்டு அவள் விரலிடுக்கில் போய் விழுந்தது.

கல்லில் உரச உரச அது கரகரவென்று முனகியது: “ஜாதிக்காயாம்ல, ஜாதிக்காய்!”