பனிமேல் ஒரு பிடி சோறு

"நம்ம ஜில்லாக்காரன்னு நம்பினேன். இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே, பாய்!"

ஒன்பது நாளாக "வாங்க பாய், போங்க பாய்" என்று பேசி வந்தவன் கோவிந்தப்பன். இன்று ஒருமைக்கு இறங்கிவிட்டான்.

சமையல்காரர் பஷீர் அஹமது அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினார். "மெதுவா பேசு. வெளில கேக்கும்."

"கேக்கட்டும்! லீடர்கிட்ட போட்டுக் குடுக்கும்போது கேக்காதது இப்பத்தான் கேக்குதா?"

பஷீர் மிக்ஸியைப் போட்டார். ஜாரில் ஒன்றுமே இல்லை.

கோவிந்தப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஓசூரில் கம்பெனி ஆள் குறைத்தபோது வேலை போனவன் அவன். ஆறு மாதம் அலைந்து, அண்டார்டிகா ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலை கிடைத்தது. அதை நம்பித்தான் மகள் அனுப்ரியாவை நர்சிங் சேர்த்திருந்தான்.

இன்று தை அமாவாசை. இங்கே சூரியன் மறைவதே இல்லை. அதற்காக அமாவாசை இல்லையென்று ஆகிவிடுமா?

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு பிடி சோற்றில் பருப்பை ஊற்றி, ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் பனிமேல் வைத்தான். அப்பாவை நினைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டான்.

காக்காவுக்கு எங்கே போவது? பருந்து மாதிரி ஒரு பழுப்புப் பறவை வந்தது. பாதிச் சோற்றைத் தின்றது. கண் கலங்கிக் கும்பிட்டான்.

அதற்குள் பஷீர் ஓடி வந்துவிட்டார். பறவையை விரட்டினார். மிச்சச் சோற்றையும், பருப்பு பட்ட பனியையும் சேர்த்துச் சுரண்டி ஒரு கவரில் அள்ளினார்.

"இங்க எந்தப் பறவைக்கும் எதுவும் போடக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னாங்களா இல்லியா?"

"எங்கப்பாவுக்கு வெச்சது பாய்!"

பஷீர் அவன் முகத்தைப் பார்த்தார். கவரோடு உள்ளே போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது. பறவைகளைப் படம் எடுக்கும் விஞ்ஞானி, ஒன்றின் அலகில் சோற்றுப் பருக்கையைப் பார்த்துவிட்டாராம். யார் செய்தது என்று நிலையத் தலைவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம். புது ஆட்கள் விதியை மீறினால், வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கப்பல் நாளைக்குக் கிளம்புகிறது.

கோவிந்தப்பன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பஷீர் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவர் அறைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தான்.

மிக்ஸி நின்றது.

"பத்து வருசமா இங்க இருக்கியே, நல்ல பேரு வாங்க ஊர்க்காரன் தலைதான் கிடைச்சுதா?" என்றவன், கோபம் முற்றி வீட்டில் பேசும் தெலுங்குக்குத் தாவினான்.

"தமிழ்லயே திட்டு. எனக்குத் தெலுங்கும் புரியும்."

"அமாவாசைன்னா என்னான்னு உனக்குத் தெரியுமா? அப்பனுக்கு வெச்ச சோத்தைக் குப்பை மாதிரி அள்ளிட்டுப் போனியே!"

பஷீர் தலையைக் குனிந்துகொண்டார். "சாப்பிடு. காலையில இருந்து வெறும் வயிறு."

"காட்டிக் குடுத்த கையால சாப்பிடுவேனா?"

அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினான். மனைவி நாராயணம்மாவுக்குப் போன் போட்டான்.

"வரேன், நாராயணம்மா."

"எங்க வர்றீங்க? நம்ம ஊரு சானமாவு பஸ் ஸ்டாப்புல உங்களுக்குக் கட்டின பேனரே இன்னும் கிழியல!"

விஷயத்தைச் சொன்னான்.

"அந்த பாய் நல்லா இருப்பாரா?" என்று அழுதாள். "கிருஷ்ணகிரியில அவரு வீடு எங்கன்னு சொல்லுங்க. நானே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"கேளு. நல்லாக் கேளு."

கதவு தட்டப்பட்டது. தலைவர் கூப்பிடுகிறாராம்.

உள்ளே போய் நின்றான். மேசைமேல் அந்தக் கவர் இருந்தது. பக்கத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு தாள்.

"பெட்டி கட்டிட்டேன் சார்" என்றான் விறைப்பாக.

"எதுக்கு?"

கோவிந்தப்பன் விழித்தான்.

தலைவர் தாளைக் கையில் எடுத்தார். "இந்தச் சோத்து விஷயம் முடிஞ்சுபோச்சு. பழைய ஆளாச்சேன்னு எழுத்துல ஒரு எச்சரிக்கையோட விட்டுட்டேன். ஜெனரேட்டர் ஷெட்டு உங்க பொறுப்புங்கறதால உங்ககிட்டயும் சொல்லி வைக்கிறேன். அவங்கப்பாவுக்கு இன்னிக்கு அமாவாசைப் படையலாம், காக்கா இல்லாததால அந்தப் பறவைக்கு வெச்சுட்டாராம் பஷீர். நீங்க புதுசு, அவரைப் பார்த்து நீங்களும் இந்த மாதிரி ஆரம்பிச்சுடாதீங்க."